அனுமதிக்காகக் காத்திருக்கும் உயிர்கள்

மேற்கு மலைத்தொடரை முகில் மூடியிருந்தது. குற்றாலத்துச் சாரல் நம் பண்பொழித் தெருக்கள்வரை வந்து தூவிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்து இரவு. இஷாத் தொழுகை முடித்துத் திரும்பிய நம்மை ஒரு வீட்டார் அவசரமாக அழைத்துச் சென்றனர். திண்ணையில் மாமனார், அவருடைய தம்பி, ஜமாஅத்தின் பெரியவர்கள் இருவர் அமர்ந்திருந்தனர். உள்ளே முப்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பிள்ளைகளின் தாய். கணவர் நம்மிடம் ஓதிய மாணவர். வளைகுடா நாட்டில் வேலை.

வலி தொடங்கி மூன்று நாளாகிவிட்டது. அன்று மாலை ஒரு மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள். குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றிரவே அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும், உடனே கொண்டுசெல்லுங்கள் என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஏன்? "ஹஜ்ரத், மாப்பிள்ளையின் அனுமதி இல்லாமல் கத்தி வைக்கக் கொடுக்கலாமா? அறுக்கிற மருத்துவரும் ஆண் என்கிறார்கள். மார்க்கம் என்ன சொல்கிறது?" என்று நம்மிடம் வினவினார்கள்.

நாம் என்ன சொன்னோம் என்பதை மறைக்காமல் எழுதுகிறோம். "எதற்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம்" என்றோம்.

அந்த ஒரு வார்த்தைக்கு நான்கு மணி நேரம் ஆயிற்று. கணவருக்கு இரவுப் பணி. பணியிடத்திற்குள் தொலைபேசி கொண்டுசெல்லக் கூடாதாம். நள்ளிரவுக்குப் பின் அவர் கிடைத்தபோது, "இதற்கா ஹஜ்ரத் காத்திருந்தீர்கள்? தூக்கிக்கொண்டு ஓடுங்கள்" என்று அழுதார். ஓடினோம். அதற்குள் குடல்வால் வெடித்துச் சீழ் வயிறெங்கும் பரவியிருந்தது. பத்தொன்பது நாள் மருத்துவமனையில் கிடந்து, அல்லாஹ்வின் கருணையால் அப்பெண்மணி உயிருடன் வீடு திரும்பினார். திரும்பாமல் போயிருந்தால்? 'கத்ரு' என்று சொல்லியிருப்போம். அதே திண்ணையில் அமர்ந்து ஆறுதல் கூறியிருப்போம். ஜனாஸாத் தொழுகையை நாமே முன்னின்று நடத்தியிருப்போம்.

அன்று முதல் நம் நெஞ்சை அறுக்கும் கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். மார்க்கத்தின் பெயரால் அன்று நாம் சொன்னது மார்க்கமா? இல்லை; அது பழக்கம். திண்ணையின் பழக்கத்துக்குத் தலைப்பாகை கட்டிவிட்டு அதை ஷரீஅத் என்று அழைத்தோம். நம்மைப் போல் இன்னும் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ ஹஜ்ரத்துகளும் பெரியவர்களும் அழைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே இதைப் பகிரங்கமாகவே பேசியாக வேண்டும்.

சபர் நமக்குப் புதிதன்று. தென்காசியும் கடையநல்லூரும் சுற்றுப்புற ஊர்களும் தறியை விட்டுக் கடல் கடந்து தலைமுறைகள் பல ஆகிவிட்டன. 1926 ஆம் ஆண்டு முதல் 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்திற்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ரஜூலா கப்பலில் நம் பாட்டன்மார் சென்றார்கள். மனைவி நோயுற்றால் கடிதம் போய்ச் சேரப் பல நாள். மறுமொழி வரப் பல வாரம். அவசரமென்றால் 'சீரியஸ், உடனே புறப்படு' என்று ஒரு தந்தி. அந்தத் தந்தியும் 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. அக்காலப் பெரியவர்கள் கணவனின் அனுமதிக்குக் காத்திருந்தால் நோயாளி அடக்கம் செய்யப்பட்டு நாற்பதும் கழிந்திருக்கும். ஆகவே அவர்கள் காத்திருக்கவில்லை. ஊரில் இருந்தவர்களே முடிவெடுத்தார்கள். இன்று விரல் தொட்டால் குரல் கேட்கிறது, முகமும் தெரிகிறது. அதனாலேயே காத்திருக்கத் தொடங்கினோம். கருவி வளர்ந்தது, துணிவு தேய்ந்தது.

இனி, காத்திருப்போர் காட்டும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் நியாயம், கணவனின் அனுமதி. மனைவி கணவனின் இசைவின்றி வெளியேறலாகாது என்று ஃபிக்ஹு நூல்களில் இருப்பது உண்மை. ஆனால் அதே நூல்கள், அதே பாடத்தில், வீடு இடிந்து விழும் அச்சம் போன்ற நெருக்கடிகளில் அந்த இசைவு தேவையில்லை என்றும் கூறுகின்றன. அந்தப் பாதியை நாம் ஓதிக்கொடுக்கிறோம். ஊரில் எடுத்துச் சொல்வதில்லை. சுவர் சரியும்போது வெளியேற அனுமதி வேண்டாம். உடலே சரியும்போது அனுமதி வேண்டுமா? மார்க்கச் சட்டங்களின் நோக்கங்களாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் அவர்களுக்குப் பின் இமாம் ஷாதிபி (ரஹ்) அவர்களும் விளக்கிய ஐந்தில் உயிர்க் காப்பு மார்க்கத்தை அடுத்து நிற்கிறது. நெருக்கடி தடையை நீக்கும் என்பது மத்ரஸாவின் இளம் மாணவனும் மனப்பாடமாகச் சொல்லும் விதி. பரீட்சைக்கு அதை ஒப்பிக்கச் சொல்லும் நாம், ஒரு பெண்ணின் உயிர் ஊசலாடும்போது ஏன் மறந்துவிடுகிறோம்?

ஆண் மருத்துவர் என்ற தயக்கமும் இவ்விதமே. பெண் மருத்துவர் கிடைத்தால் நல்லது, தேடுவதில் தவறில்லை. கிடைக்காதபோது சிகிச்சைக்குத் தேவையான அளவு பார்ப்பதும் தொடுவதும் ஆகும் என்பது இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் ஓதிய எவருக்கும் தெரியும். நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே பெண்கள் போர்க்களம் சென்று காயமுற்ற ஆண்களுக்கு மருந்திட்டதை ருபைய்யிஉ பின்து முஅவ்வித் (ரலி) அறிவிக்கிறார்கள். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்காக மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி அங்கே காயமுற்றோருக்கு மருத்துவப் பணி செய்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பள்ளிவாசலுக்குள் மருத்துவக் கூடாரம் இருந்த சமுதாயம், இன்று மருத்துவமனை வாசலில் நின்று பத்வாத் தேடுகிறது.

இரண்டாம் நியாயம், கையொப்பம். "கணவர் கையெழுத்துப் போடாமல் அறுவைச் சிகிச்சை செய்யமாட்டார்கள்" என்று நம் வீடுகளில் உறுதியாக நம்புகிறார்கள். இது தவறு. வயது வந்த, சுயநினைவுள்ள ஒரு பெண்ணின் உடலுக்குச் சம்மதம் தரவேண்டியவர் அப்பெண்ணே. தில்லியைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் வழக்கில், அவர் மயக்க நிலையில் இருக்கையில் தாயாரிடம் சம்மதம் பெற்று ஒரு மருத்துவர் அறுவை செய்தது செல்லாது என்று 2008 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்ற தாயின் சம்மதமே அவருடைய சம்மதத்துக்கு ஈடாகாது என்றால், கடல் கடந்திருக்கும் கணவரின் சம்மதம் எப்படி ஈடாகும்? சம்மதம் பெறும் நிலையில் நோயாளி இல்லாது உயிருக்கே ஆபத்து நேரும்போது மருத்துவர் எவருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989 இல் அதே நீதிமன்றம், அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் முதலில் உயிரைக் காக்க முனைய வேண்டும், சடங்குகள் பிறகு என்று தெளிவாகக் கூறிவிட்டது. மருத்துவமனைகள் உறவினர் ஒருவரின் கையொப்பத்தைக் கேட்பது வழக்கம்தான். அது பொறுப்புக்கும் கட்டணத்துக்குமான ஏற்பாடு. கூட வந்த அண்ணனோ தங்கையோ மாமியோ அதைப் போடலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லித் தீரவேண்டும். அன்றிரவு திண்ணையில் மாமனாரைக் கேட்டோம், பெரியவர்களைக் கேட்டோம், கடல் கடந்து கணவரையும் கேட்டோம். உள்ளே துடித்துக்கொண்டிருந்தவரை ஒருவரும் கேட்கவில்லை. இது நமக்கே பல நாள் கழித்துத்தான் உறைத்தது. நிக்காஹ் மஜ்லிஸில் மணப்பெண்ணின் சம்மதத்தைப் பெறச் சாட்சிகளை அனுப்புகிறோமே, அந்தப் பெண்ணுக்கு அதன் பிறகு வாய் இல்லாமல் போய்விடுகிறதா?

மூன்றாம் நியாயம், பணம். "இவ்வளவு செலவை அவரைக் கேட்காமல் எப்படிச் செய்வது?" என்கிறார்கள். இங்கே சிலர் கிதாபையே காட்டுவார்கள். மருந்து விலையும் மருத்துவர் கூலியும் கணவன் கட்டாயம் தரவேண்டிய நஃபகாவில் சேராது என்று பழைய ஃபிக்ஹு நூல்களில் பெரும்பாலானவை கூறுகின்றன. இதை மறைப்பது ஓதியவருக்கு அழகன்று. ஆனால் அந்தச் சட்டம் பிறந்த காலத்தையும் பார்க்க வேண்டும். மருத்துவம் அன்று நிச்சயமற்றது; எப்போதோ நேரும் அரிய செலவு. உணவும் உடையுமே அன்றாடத் தேவை. இன்று பிள்ளைப்பேறே மருத்துவமனையில்தான். நஃபகாவின் அளவுகோல் ஊரறிந்த நன்முறை என்றே அதே இமாம்கள் வகுத்திருக்கிறார்கள். அந்த அளவுகோலைக் கொண்டே எகிப்து நாடு 1985 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் மருத்துவச் செலவையும் நஃபகாவில் சேர்த்தது.

அதையும் ஏற்கமாட்டோம் என்போருக்கு நாம் கூறுவது இது: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மருத்துவச் செலவு கணவனின் கடமை என்றால், அவர் அனுப்பும் பணத்திலிருந்து கேட்காமலேயே எடுத்துச் செலவிடுங்கள். கடமையில்லை என்றால், அது அப்பெண்ணின் சொந்தப் பொருளிலிருந்து செலவாக வேண்டியது. அவருடைய மஹரும் நகையும் அவருக்கே சொந்தம். தம் உயிரைக் காக்க அவற்றை விற்கவோ அடகு வைக்கவோ அவர் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அப்படியானால் அவருடைய நகை இருக்கும் பீரோவின் சாவி ஏன் மாமியின் முந்தானையில் முடிச்சாகக் கிடக்கிறது? வங்கிப் புத்தகம் ஏன் மாமனாரின் பெட்டியில் இருக்கிறது? கணவனின் கடமையும் இல்லை, மனைவியின் உரிமையும் இல்லை என்ற மூன்றாவது வழி நாம் அறிந்த எந்த மத்ஹபிலும் இல்லை.

நான்காம் நியாயம் மிக இனிமையானது; ஆகவே மிக ஆபத்தானது. "சொன்னால் அவர் அங்கே பதறிப்போவார், பாவம், தனியாகக் கிடக்கிறார்." அந்தப் பெண்மணியின் வலியை மூன்று நாள் மறைத்தது இந்த இரக்கமே. இதற்கு மறுபக்கமும் உண்டு. அங்கே கணவருக்கு மாரடைப்பு வந்து மருத்துவமனையில் கிடப்பார். அறைத் தோழர்கள் மைத்துனருக்குச் சொல்வார்கள், மைத்துனர் மாமாவுக்குச் சொல்வார், ஊருக்கே தெரியும், மனைவிக்கு மட்டும் தெரியாது. "வேலை அதிகம், அதனால்தான் பேசவில்லை" என்று சிறு பிள்ளையை ஏமாற்றுவது போல் அவரை ஏமாற்றுவார்கள். கடைசியில், வீட்டு வாசலில் நாற்காலிகள் வந்து இறங்கும்போதுதான் அவருக்கு விளங்கும். நிக்காஹ் என்பது அமானிதம் என்று மேடைதோறும் பேசுகிறோம். கணவனின் நோயை மனைவியிடமிருந்தும் மனைவியின் நோயைக் கணவனிடமிருந்தும் மறைப்பது அமானித மோசடி. நலமான நாளில் பேசிய கடைசிப் பேச்சைக்கூட அவர்களுக்கு இல்லாமல் ஆக்குவதற்கு நமக்கு யார் உரிமை தந்தார்கள்?

கோவிட் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் மாத இறுதி வாரத்தில் பயணிகள் விமானங்கள் நின்றன. அரசின் சிறப்பு விமானங்கள் மே மாதம் 7 ஆம் தேதிதான் வளைகுடாவிலிருந்து புறப்பட்டன. இடைப்பட்ட ஆறு வாரங்களில் அங்கே நோயுற்றோரும் இங்கே நோயுற்றோரும் ஒருவரையொருவர் காணவே வழியில்லை. வேறு எதுவும் இல்லாத அந்நாளில் உண்மையான செய்தி ஒன்றுதான் அவர்களுக்கு மிஞ்சிய உறவு. அதையும் மறைத்தவர்கள் எத்தனை பேர் என்பது அவரவர் மனத்துக்குத் தெரியும்.

ஐந்தாவதாக, தியாகம் என்று ஒரு சொல். மனைவி படுக்கையில் கிடக்கும்போதும் வராமல் உழைத்து அனுப்பும் கணவனைத் தியாகி என்று புகழ்வது நம் வழக்கம். வர இயலாதவர்களை நாம் குறை கூறவில்லை. கடவுச்சீட்டு முதலாளியின் பெட்டிக்குள் கிடந்த கொடுமையை அறியாதவர்களல்ல நாம். கத்தர் நாடு 2018 இலும் 2020 இலும் வெளியேறும் அனுமதிச் சீட்டைப் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு நீக்கிவிட்டது. சஊதி அரேபியா 2021 மார்ச்சில் தளர்த்தியது. ஆனால் வீட்டுப் பணியாளரும் வீட்டு ஓட்டுநரும் அந்தச் சீர்திருத்தத்துக்கு வெளியே நின்றார்கள். வர முடிந்தும், "விடுப்பு எடுத்தால் சம்பளம் போகும், நான் வந்து என்ன செய்யப்போகிறேன்?" என்போரிடமும், அவர்களை வராதே என்று தடுக்கும் குடும்பத்தாரிடமும்தான் பேசுகிறோம்.

அவர்கள் ஹிஜ்ரி 2 ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கட்டும். பத்ருக்கு முஸ்லிம்கள் புறப்பட்ட நேரம். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமகளார் ருகைய்யா (ரலி) கடும் நோயில் கிடந்தார்கள். கணவர் உதுமான் (ரலி). போருக்கு வரும் ஒவ்வொரு கையும் அருமையான நாள் அது. மதீனாவிலிருந்து பத்ரு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். நபியவர்கள் உதுமான் (ரலி) அவர்களை மனைவியின் அருகிலேயே தங்கச் சொன்னார்கள். பத்ரில் கலந்துகொண்டவரின் நற்கூலியும் பங்கும் அவருக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். ருகைய்யா (ரலி) பிழைக்கவில்லை. அவர்களை அடக்கம் செய்துகொண்டிருந்த வேளையில்தான் ஜைத் இப்னு ஹாரிஸா (ரலி) வெற்றிச் செய்தியுடன் மதீனாவுக்குள் நுழைந்ததாகச் சரித்திரம் கூறுகிறது. உதுமான் (ரலி) அங்கே இருந்ததால் நோய் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் அந்த இருப்பு பத்ருக்கு நிகராக எண்ணப்பட்டது. "நான் வந்து என்ன செய்யப்போகிறேன்?" என்போருக்கு இதைவிட வேறு விடை நம்மிடம் இல்லை.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியிலோ இது அரசாணையாகவே ஆயிற்று. கணவன் படையில் இருக்கத் தனித்திருந்த ஒரு பெண்ணின் புலம்பலை இரவு உலாவில் கேட்ட கலீஃபா, தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஆலோசித்து, வீரர்கள் குடும்பத்தைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு எல்லை வகுத்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. ஆண்டுக்கணக்கில் பிரிந்திருப்பதைப் பெருமையாகப் பேசும் நாம் எந்தக் கலீஃபாவைப் பின்பற்றுகிறோம்?

கேள்விகள் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது நம் நோக்கமன்று. செய்யக்கூடியவை நம் கையிலேயே இருக்கின்றன.

சபருக்குப் புறப்படும் முன் ஹஜ்ரத்தை அழைத்து ஃபாத்திஹா ஓதி துஆச் செய்விக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. நாமும் போகிறோம், ஓதுகிறோம், விருந்துண்டு திரும்புகிறோம். இனி அந்தச் சபையில் துஆவுக்கு முன் ஒரு கேள்வி கேட்கப்படட்டும்: "தம்பி, உங்கள் மனைவிக்கு அவசரம் நேர்ந்தால் என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?" மார்க்கப்படி பொது அனுமதி என்பது ஆகுமானது. "மருத்துவத்துக்காக எங்கும், எவரிடமும், எந்நேரமும் செல்லவும், தேவையான சிகிச்சைக்கு அவரே முடிவெடுக்கவும், என் பணத்தைச் செலவிடவும் முழு இசைவு தருகிறேன்" என்று பெரியவர்கள் முன்னிலையில் கணவர் சொல்லட்டும், எழுதியும் கொடுக்கட்டும். நெருக்கடியில் மார்க்கமோ நாட்டுச் சட்டமோ இதைக் கேட்கவில்லை, திண்ணை கேட்கிறது. திண்ணையின் வாயை அடைக்க அந்தத் தாள் உதவும். மனைவியின் பெயரிலேயே வங்கிக் கணக்கும், அவர் கையிலேயே நகைப் பெட்டியின் சாவியும் இருக்கட்டும். அவருக்கும் கடவுச்சீட்டு எடுத்துவையுங்கள். அங்கே கணவர் வீழ்ந்தால், வாய்ப்பிருக்கும்போது புறப்பட அது வேண்டும்.

ஜமாஅத்துகள் அனுப்பும் நன்கொடை ரசீதுகளில் மினாராவுக்கு இடமிருக்கிறது. அவசர மருத்துவத்துக்கும் ஒரு பெட்டி வையுங்கள். இரவில் உடன் செல்லத் துணிந்த இரண்டு பெண்களையும் இரண்டு இளைஞர்களையும் தெருவுக்குத் தெரியும்படி நியமியுங்கள். 108 ஊர்தி தமிழகத்தில் 2008 முதல் ஓடுகிறது. அதை அழைக்க எவருடைய அனுமதியும் வேண்டாம் என்பதை ஜும்ஆ மேடையில் சொல்லுங்கள். வெளிநாட்டில் நோயுற்றோருக்குக் கைகொடுக்க இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் சமுதாய நல நிதி இருக்கிறது. அதற்கு மனு எழுதித் தர ஊரில் ஒருவர் இருக்கட்டும்.

நேரத்தின் அருமையை மருத்துவ நூலார் கணக்கிட்டே சொல்கிறார்கள். மூளையின் இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டால், அதைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். தென்காசி நமக்கு அருகில்தான். ஆனால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தென்காசியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மழையும் இரவும் வழியில் எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. எஞ்சும் நேரத்தையும் திண்ணைக்கே தந்துவிட்டால் நோயாளிக்கு என்ன மிஞ்சும்? அன்று நாம் செலவழித்தது நான்கு மணி நேரம்.

அந்தப் பெண்மணி நலமாக இருக்கிறார். மாணவர் மறு ஆண்டு ஊருக்கு வந்தபோது நம்மைப் பார்க்க வந்தார். ஒரு சொல்கூடக் குறை கூறவில்லை. அவருடைய மரியாதை நம்மை மன்னிக்கலாம். நம் கல்வி நம்மை மன்னிக்கவில்லை. ஹஜ்ரத் என்று அழைத்துக் கேட்கும் வீட்டில், தெரிந்த சட்டத்தைச் சொல்ல அஞ்சி, "ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம்" என்று நழுவியது நாம் செய்த பிழை. ஆலிம்களே, அடுத்த முறை அந்தத் திண்ணையிலிருந்து உங்களுக்கு அழைப்பு வரும். அப்போது திண்ணையில் அமராதீர்கள். நேரே உள்ளே ஆளனுப்பி, "அம்மா, மருத்துவமனைக்குப் புறப்படலாமா?" என்று நோயாளியைக் கேளுங்கள். அவர் தலையசைத்ததும் வண்டியை அழையுங்கள். கணவருக்கு வழியிலிருந்து சொல்லிக்கொள்ளலாம்.